கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதான்

போன மாதம் பேரன் படிக்கும் பள்ளியில் ரோபோ போட்டி நடந்தது. ஏழாம் வகுப்பில் இருக்கிறான். "தாத்தா, நீங்க கண்டிப்பா வரணும். நீங்க ஒர்க்ஷாப்ல இருந்தவர்னு மிஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். ஒரு பொறியியல் கல்லூரி ஒர்க்ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்? இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

கூடத்தின் நடுவே வெள்ளை விரிப்பு. அதில் வளைந்து நெளிந்து ஒரு கறுப்புக் கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக ஓட வேண்டும். வழியில் கிடக்கும் கட்டைகளைத் தூக்கி, நிறம் பார்த்து, அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். பன்னிரண்டு குழுக்கள், குழுவுக்கு நான்கு பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே நிற பனியன், முதுகில் பெயர். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். விரிப்பைச் சுற்றிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம். ஒரு அப்பா தரையில் குப்புறப் படுத்து, லேப்டாப்பில் புரோகிராமை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மகன் பக்கத்தில் நின்று சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோச்சிங் சென்டர் அடையாள அட்டை மாட்டிய இரண்டு இளைஞர்கள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவராக வந்த பெண் ஒரு பையனிடம், "இந்த சென்சாரை ஏன் இவ்வளவு கீழே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பையன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா பதில் சொன்னார். சரியான பதில். மதிப்பெண்ணும் விழுந்தது.

எங்கள் பேரன் குழுவுக்கு இரண்டாம் பரிசு. காரில் திரும்பும்போது கேட்டேன். "மாப்பிள்ளை, அந்தக் கட்டை தூக்குற கையை யார் செஞ்சது?"

"சென்டர்ல குடுத்தாங்க மாமா. புரோகிராம் நான் கொஞ்சம் உக்காந்து சரி பண்ணேன். எல்லாரும் அப்படித்தான் மாமா பண்றாங்க. நாம மட்டும் சும்மா இருந்தா பையன் தோத்துடுவான்ல?"

பின்சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள்.

நான் ஆரம்பிக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் யோக்கியதையும் எனக்குக் கிடையாது. அவர் செய்த தப்பையே நான் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன்.

ரோபோகான் என்று ஒரு போட்டி உண்டு. ஆசிய பசிபிக் ஒளிபரப்பு ஒன்றியம் 2002ல் டோக்கியோவில் தொடங்கியது. பொறியியல் மாணவர்களுக்கானது. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடு ஏற்று நடத்தும். எந்த நாடு நடத்துகிறதோ அந்த நாட்டுப் பழக்கவழக்கத்திலிருந்து விளையாட்டை எடுப்பார்கள். 2008ல் புனேயில் நடந்தபோது உறியடி. 2010ல் கெய்ரோவில் பிரமிடு கட்டுவது. 2022ல் புதுதில்லியில், நாம் தெருவில் விளையாடினோமே, ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் கலைத்து மறுபடி அடுக்குவது, அது. நாட்டுக்குள் முதலில் தேசியப் போட்டி. அதில் ஜெயித்தவர்கள் சர்வதேசப் போட்டிக்குப் போவார்கள்.

2014ல் மறுபடியும் புனே. அந்த வருஷத்துத் தலைப்பு, பெற்றோருக்கு ஒரு வணக்கம். இரண்டு ரோபோக்கள் செய்ய வேண்டும். ஒன்று பெற்றோர், இன்னொன்று குழந்தை. பெற்றோர் ரோபோவை ஒரு மாணவர் இயக்கலாம். குழந்தை ரோபோ தானாக இயங்க வேண்டும். பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போக வேண்டும். சீசா, ஊஞ்சல், கம்பங்களின் மேல் நடப்பது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகக் குழந்தை கம்பிக் கூண்டில் தானே படிப்படியாக ஏறி உச்சியில் கொடியை உயர்த்த வேண்டும். மொத்தம் மூன்று நிமிஷம். குழந்தை ஏறும்போது யாரும் தொடக் கூடாது.

எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு குழு முதல்முறையாகக் கிளம்பியது. பதினான்கு பேர். பணம் பெரிதாகக் கிடையாது. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய கார்களின் வைப்பர் மோட்டாரைப் பேரம் பேசி வாங்கி வந்தார்கள். சிறிய மோட்டார், ஆனால் நல்ல இழுவை. ரிச்சி தெருவில் சென்சாரும் ஐசியும். காற்றுத் தொட்டிக்குக் கூல் டிரிங்க் பாட்டில். சிரிக்காதீர்கள், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஆறு பார் அழுத்தத்தைத் தாங்கும். அந்தப் போட்டியில் பல குழுக்கள் அதைத்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். நாலு மாதம் ராத்திரி பகலாக ஒர்க்ஷாப்பிலேயே கிடந்தார்கள். சாவி என்னிடம் இருந்ததால் நானும் கிடந்தேன்.

குழந்தை ரோபோவின் ஏறும் கைகளைச் செய்தது மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் பெண் ஒருத்தி. திருவண்ணாமலைப் பக்கம், அப்பாவுக்கு ஆட்டோ. முதல் நாள் ரம்பம் பிடிக்கத் தெரியாமல் நின்றவள், நாலாவது மாதம் அலுமினியப் பட்டையை அளவு தப்பாமல் வெட்டினாள். கையை மோட்டார் தண்டில் மாட்டத் தண்டின் குறுக்கே துளை போட்டு ஒரு போல்ட்டை நுழைத்து நட்டுப் போட்டிருந்தாள். பார்க்க நன்றாக இருக்காது. துளையில் கொஞ்சம் ஆட்டமும் உண்டு. அதனால் ஐந்து தடவை ஏறினால் ஒரு தடவை கொக்கி கம்பியிலிருந்து வழுக்கும்.

ரயிலுக்கு முந்தைய நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு முறை வழுக்கி விழுந்தது. பிள்ளைகளுக்கு அலுப்பு, ஹாஸ்டலுக்குத் தூங்கப் போய்விட்டார்கள். நான் தனியாக நின்று அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குக் கை துறுதுறுவென்றது. அந்த உணர்வு தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். தப்பு கண்ணில் பட்டுவிட்டால் விட்டுப் போக முடியாது.

லேத்தை ஓட்டினேன். ஆட்டமே இல்லாமல் ஒரு புதிய ஹப் கடைந்தேன். போல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே மறைந்திருக்கும்படி ஒரு கிரப் ஸ்க்ரூ போட்டேன். தலையில்லாத சின்ன ஸ்க்ரூ, அலென் கீ விட்டுத்தான் திருக முடியும். அதன் மேல் ஒரு மூடித் தகடு. கொக்கியையும் இரும்பில் புதிதாகச் செய்தேன். காலை நாலு மணிக்கு ஓட்டிப் பார்த்தபோது பத்துக்குப் பத்து முறை ஏறியது. அப்படியொரு சந்தோஷம். ஸ்க்ரூ கழலாமல் இருக்க ஒரு பசை விட வேண்டும். அது ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர் பூட்டியிருந்தது. இறுக்கமாகத்தான் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் பிள்ளைகள் வந்து பார்த்துக் கை தட்டினார்கள். "சார், சூப்பர் சார்!" அந்தப் பெண் மட்டும் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கு சார்" என்றாள். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எப்படி மாட்டியிருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இருபது மணி நேரத்துக்கு மேல் ரயில் ஆட்டம். பிறகு டெம்போவில் குலுங்கல். முதல் ஆட்டத்தில் பெற்றோர் ரோபோ அழகாக வேலை செய்தது. சீசா ஆயிற்று. ஊஞ்சல் ஆயிற்று. குழந்தை கம்பிக் கூண்டில் கை வைத்தது. இரண்டாவது படியில் மோட்டார் சுற்றுகிறது, கை சுற்றவில்லை. அந்தப் பெண் மறுமுயற்சி கேட்டு ஓடினாள். தண்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். எதைத் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கேலரியிலிருந்து கத்துகிறேன், "தகட்டைக் கழட்டு, தகட்டைக் கழட்டு" என்று. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. மூன்று நிமிஷம் முடிந்தது.

தோற்ற பிறகு பிட்டுக்கு ஓடினேன். தகட்டைக் கழற்றினால் ஸ்க்ரூ லொடலொட என்று ஆடுகிறது. இறுக்க மூன்று மில்லிமீட்டர் அலென் கீ வேண்டும். பெட்டியில் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அவர்கள் செய்த ரோபோவில் அந்த ஸ்க்ரூவே கிடையாது. அவர்கள் பெட்டியை அவர்கள் ரோபோவுக்கு ஏற்றபடி அடுக்கியிருந்தார்கள். அந்த அலென் கீ சென்னையில் என் மேஜை டிராயரில் இருந்தது. பக்கத்து மேஜையில் இருந்த குஜராத் பிள்ளைகள்தான் கொடுத்து உதவினார்கள். அடுத்த ஆட்டத்தில் குழந்தை ஏறியது. ஆனால் எதிரணி எங்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. மூட்டையைக் கட்டினோம்.

சாயங்காலம் மரப்பெட்டியில் ரோபோவை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். அப்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், நான் செஞ்சது வழுக்கும். ஆனா எங்க வழுக்கும்னு எனக்குத் தெரியும் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. பெரிய மனுஷன் அல்லவா! "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றேன். அடுத்த வருஷம் அவள் இறுதி ஆண்டு. குழுவுக்கு வரவில்லை. படிப்பு, வேலைக்கான தேர்வு என்று ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். என் காதில் மட்டும் வேறு காரணம்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

என் ஹப் அவளுடையதைவிட நல்ல வேலை. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல வேலையாக இருந்ததுதான் கெடுதல். மோசமாகச் செய்திருந்தால் காலையில் அவளே அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் போல்ட்டை மாட்டியிருப்பாள்.

இந்தப் போட்டிகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மசாஹிரோ மோரி என்ற பேராசிரியர் 1980களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு பாடமாகத்தான் இதை ஆரம்பித்தார். டார்ச் லைட்டில் போடும் உலர் பேட்டரியின் சக்தியில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி செய்யச் சொன்னார். 1988ல் ஜப்பானின் என்.எச்.கே தொலைக்காட்சி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு நடத்திய முதல் ரோபோகானும் பேட்டரி வண்டிப் பந்தயம்தான். கொஞ்சூண்டு சக்திதான் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வாய் என்பதுதான் பாடம். கோப்பை அப்புறம் வந்தது. பாடத்துக்காகப் போட்டி என்பது போய், போட்டிக்காகப் பாடம் என்று நாம் மாற்றிக்கொண்டோம்.

பெரியவர்களின் கை நீளும் என்பது நடத்துகிறவர்களுக்கும் தெரியும். உலக ரோபோ ஒலிம்பியாட் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி ஒன்று 2004லிருந்து நடக்கிறது. அதில் பல வருஷங்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ரோபோவை முழுக்கப் பிரித்து, உதிரியாகத்தான் கொண்டுவர வேண்டும். படமோ குறிப்போ பார்க்காமல் பிள்ளைகளே அங்கே உட்கார்ந்து பூட்ட வேண்டும். போதாததற்கு, அன்று காலையில் இதுவரை சொல்லாத புதிய விதி ஒன்றை அறிவிப்பார்கள். அப்பா எழுதிக் கொடுத்த புரோகிராம் அங்கே காலை வாரிவிடும். எவ்வளவு நல்ல யோசனை!

"பெரியவர்கள் கை கொடுக்காவிட்டால் வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயம்தான். உதவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்த உதவி என்பதுதான் பேச்சு.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளி. மெக்சிகோவிலிருந்து பெற்றோரோடு வந்து, குடியுரிமைக் காகிதம் இல்லாமல் வாழ்ந்த நாலு பையன்கள். இரண்டு ஆசிரியர்களின் வழிகாட்டுதலில் 2004ல் தண்ணீருக்கடியில் இயங்கும் ரோபோ போட்டிக்குப் போனார்கள். பிளம்பிங் பி.வி.சி. குழாயை ஒட்டி ரோபோ செய்தார்கள். பசை நாற்றம் தாங்காமல் அதற்கு 'ஸ்டிங்கி' என்று பெயர். நாற்றம் பிடித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு வந்த இடத்தில் மின்பாகங்கள் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. சரி செய்ய நேரமில்லை. ஈரத்தை உறிஞ்ச என்ன செய்யலாம் என்று யோசித்து, பெண்கள் மாதவிலக்கில் பயன்படுத்தும் டாம்பனை உள்ளே வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிவர ஒரு பையன் கூச்சத்தோடு போனான். அந்தப் பிரிவில் போட்டியிட்ட எம்.ஐ.டி. குழுவை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதல் பரிசு வாங்கினார்கள். தொழில்நுட்ப அறிக்கைக்கும் அவர்களுக்கே பரிசு.

அந்த ஆசிரியர்களும் உதவினார்கள். இடம் கொடுத்தார்கள், காசு புரட்டினார்கள், கூட வந்தார்கள். ஆனால் கசிந்தபோது என்ன செய்வது என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் பெட்டியை அடுக்கியவர்கள் அவர்கள்.

நம் ஊரிலும் வசதி வராமல் இல்லை. அடல் டிங்கரிங் லேப் என்று மத்திய அரசு திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கோச்சிங் சென்டர் செய்து கொடுப்பதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இரண்டிலும் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தபோது, இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். வாரக்கணக்கில் அதே வேலை. எங்கள் வாத்தியார் ஒருநாளும் என் துண்டைத் தொட்டதில்லை. நான் தவறாக ராவினால், பக்கத்து வைஸில் வேறொரு துண்டை மாட்டி அதில் ராவிக் காட்டுவார். "பாத்துக்கோ" என்பார், போய்விடுவார். என் துண்டு கோணலாக இருந்தால் அது என் கோணல். அன்றைக்கு அவர் மேல் எரிச்சல்தான் வரும். பாருங்கள், கற்றுக் கொடுக்கும் முறையே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அன்றைக்கு ராத்திரி லேத்தை ஓட்டினேன்.

ஆகவே போட்டி நடத்துகிற பள்ளிகளுக்கும், போட்டிக்கு அனுப்புகிற அப்பா அம்மாக்களுக்கும் இந்தக் கிழவன் சொல்வது இதுதான்.

நடுவர், ரோபோவிலிருந்து ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றிப் பிள்ளையிடம் கொடுங்கள். பத்து நிமிஷத்தில் மாட்டச் சொல்லுங்கள். மாட்டத் தெரிந்தால் அது அவன் ரோபோ. பாதி மதிப்பெண்ணை அதற்கு வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, என்னென்ன செய்தோம், எதெல்லாம் சொதப்பியது என்று பிள்ளைகளையே கையால் எழுதச் சொல்லுங்கள். சொதப்பல் இல்லாத நோட்டை நம்பாதீர்கள். பெரியவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். தொங்கு முகத்தோடு நிற்கட்டும், பரவாயில்லை.

கிரைண்டர், வெல்டிங், லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்வது ஆகிய மூன்றிலும் பெரியவர்கள் கூடவே இருக்க வேண்டும். விரலும் கண்ணும் போனால் வராது, அந்த பேட்டரி தீப்பிடிக்கும். அங்கே மட்டும் கண்டிப்பாகத் தலையிடுங்கள். மற்றபடி காட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் வேறொரு துண்டில் காட்டுங்கள், எங்கள் வாத்தியார் மாதிரி.

மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். நாம் சும்மா இருந்தால் பையன் தோற்றுவிடுவானா? தோற்பான் மாப்பிள்ளை. மற்ற அப்பாக்கள் சும்மா இருக்காதவரை நிச்சயம் தோற்பான். அழுவான்கூட. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழாம் வகுப்பில் தோற்றால் ராத்திரி சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். தன் கை வேலையின் மேல் நம்பிக்கை போனால் அது லேசில் திரும்பாது. அதை நான் ஒரு பெண்ணின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் ஒரு பழைய மேஜை போட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை பேரனை உட்கார வைத்து ஒரு பழைய வைப்பர் மோட்டார், இரண்டு சக்கரம், கொஞ்சம் ஒயர் கொடுத்தேன். ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது, வண்டி பின்னால் ஓடுகிறது. மோட்டாரையே திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருந்தான். ஒயரை மாற்றினால் ஒரு நிமிஷ வேலை. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டியும் முடியவில்லை. வரும் சனிக்கிழமை மிச்சத்தைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அதுவரை மாடிக்குப் போகாமல் இருக்க வேண்டும். கை துறுதுறுக்கிறது.